சோவியத் கலைந்தபோது தன்னாட்சிக் குடியரசுகளும் பிரிந்துபோகத்தான் இறையாண்மை அறிவித்தனவா?

பெரும்பாலானவை அப்படியில்லை. 1990-ல் அறிவித்தவற்றில் பலவும் சோவியத்தை விட்டு ஓடப் பார்க்கவில்லை. தங்களுக்கு மேலே உட்கார்ந்திருந்த குடியரசைத் தாண்டி, சோவியத் ஒன்றியத்தோடு நேராகப் பேசும் அந்தஸ்தைத்தான் கேட்டன.

ரஷ்யா, ஜார்ஜியா, எஸ்டோனியா போன்ற 15 ஒன்றியக் குடியரசுகளுக்குப் பிரிந்துபோகும் உரிமை 1977 அரசியலமைப்பில், ஏட்டளவிலாவது, இருந்தது. அவற்றுக்குள் அடங்கிய 20 தன்னாட்சிக் குடியரசுகளுக்கு அதுவும் கிடையாது. எப்போதும் இரண்டாம் பந்திதான்.

ரஷ்யாவுக்குள் இருந்த தாதர்ஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையில் எஸ்டோனியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ரோமாஷ்கினோ எண்ணெய் வயல் அங்கே, காமாஸ் லாரி ஆலையும் அங்கே. ஆனால் எண்ணெய் வருமானத்தைப் பற்றி முடிவெடுப்பது மாஸ்கோ அமைச்சகங்கள். அந்தக் கடுப்பு தாதர்ஸ்தான் தலைநகர் கசானில் பல வருஷமாக இருந்தது.

1990 ஏப்ரலில் வந்த ஒன்றியச் சட்டங்கள் தன்னாட்சிக் குடியரசுகளின் கையை ஓங்கவைத்தன. ஜூன் 12-ல் ரஷ்யாவே தன் இறையாண்மையை அறிவித்தது. "நீ அறிவிக்கலாம், நான் கூடாதா?" என்ற கேள்விக்கு அதற்குமேல் யாரிடமும் பதில் இல்லை. ரஷ்யக் குடியரசின் தலைவர் எல்ட்சினை அடக்கிவைக்க இந்தத் தன்னாட்சிக் குடியரசுகள் உதவும் என்று சோவியத் அதிபர் கோர்பச்சேவ் தரப்பு கணக்குப் போட்டது. எல்ட்சினும் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்டில் கசானுக்கே போய், விழுங்க முடிந்த அளவு இறையாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேச்சுதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரஷ்யாவின் இன்னொரு தன்னாட்சிக் குடியரசான வட ஒசேத்தியா ஜூலை 20-லேயே அறிவித்துவிட்டதே!

ஆகஸ்ட் 30-ல் தாதர்ஸ்தான் நிறைவேற்றிய பிரகடனம் ஒரு பக்க அளவுதான், ஆனால் கெட்டிக்காரத்தனமானது. நிலமும் நிலத்தடி வளமும் தாதர்ஸ்தான் மக்களுக்கு மட்டுமே உரிய சொத்து என்கிறது. தாதர், ரஷ்யன் இரண்டும் சமமான அரசு மொழிகள் என்கிறது. 1989 கணக்கெடுப்பில் தாதர்கள் 48.5 சதவீதம், ரஷ்யர்கள் 43.3 சதவீதம் இருந்த இடத்தில் வேறு எப்படி எழுத முடியும்? ரஷ்யாவின் பகுதி என்று எங்கும் சொல்லவில்லை. விடுதலை என்றும் சொல்லவில்லை. சோவியத் குடியரசுகளைப் புதிதாகப் பிணைக்கத் திட்டமிட்டிருந்த ஒன்றிய ஒப்பந்தத்துக்கும் ரஷ்யாவோடு செய்யும் ஒப்பந்தங்களுக்கும் இதுவே அடிப்படை என்று முடித்துக்கொள்கிறது. தாதர்ஸ்தான் தலைவர் மின்திமேர் ஷைமியேவ் கம்யூனிஸ்ட் கட்சியில் வளர்ந்த ஆள், புரட்சிக்காரர் அல்ல.

மேலிருந்த குடியரசைத் தாண்டி ஒன்றியத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் போக்கு ஜார்ஜியாவுக்குள் இருந்த அப்காசியாவில் இன்னும் அப்பட்டம். 1991 மார்ச் 17-ல் ஒன்றியம் நீடிக்கவேண்டுமா என்று நடந்த வாக்கெடுப்பை ஜார்ஜியா புறக்கணித்தது. அப்காசியா நடத்தி, நீடிக்கட்டும் என்று வாக்களித்தது. அடுத்த ஆண்டு அங்கே போர்.

ரஷ்யாவுக்குள் இருந்தவற்றில் செச்சன்யா மட்டும் தனி வழி. 1991 நவம்பரில் அதன் தலைவர் துதாயேவ் முழு விடுதலையே அறிவித்தார். 1994 டிசம்பரில் ரஷ்யப் படை உள்ளே வந்தது.

தாதர்ஸ்தான் இழுத்தடித்தே காரியம் சாதித்தது. 1992 மார்ச் 21 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் 'இறையாண்மை அரசு' என்பதற்கு ஆம் என்றார்கள். அந்த மாதக் கடைசியில், மாஸ்கோவுக்கும் ரஷ்யாவின் உள் குடியரசுகளுக்கும் இடையே வந்த கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது. பிறகு பேசிப் பேசி, 1994 பிப்ரவரி 15-ல் மாஸ்கோவோடு அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. வரி, எண்ணெய் விஷயத்தில் அப்போது நல்ல பேரம் படிந்தது. 2007-ல் நீர்த்துப்போன வடிவில் அது புதுப்பிக்கப்பட்டது. 2017-ல் காலாவதியானபோது மாஸ்கோ மறுபடி புதுப்பிக்கவில்லை.