சம்பந்திக்கும் ஒரு சொல் உண்டு

கேள்வி: ஐயா, நான் 26ஆம் தெருவில் ஒரு பெயிண்ட் கடையில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து யூதர் ஜெப ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் வழி கேட்பார்கள். அவர்களோடு இரண்டு வார்த்தை பேசலாமே என்று பண்டிகை, குடும்பம், வழிபாடு பற்றிய அறுபது எபிரேயச் சொற்களை ஆங்கில அர்த்தத்தோடு நோட்டில் எழுதிப் படிக்கிறேன். இரண்டு மாதமாகியும் பத்துகூட நிற்கவில்லை. அப்பாவை அவர்களும் 'அபா' என்கிறார்களே, இரண்டும் ஒரே சொல்லா?
வாசகர், தாம்வே, யாங்கோன்

பதில்: தம்பி, முதலில் நோட்டில் உள்ள ஆங்கிலத்தை அடித்துவிட்டுத் தமிழில் அர்த்தம் எழுதுங்கள். பாதிக் கஷ்டம் அதோடு போய்விடும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் எதிர்மாடியில் ஒரு யூதப் பாட்டி இருந்தார். பாக்தாதிலிருந்து வந்த குடும்பம். 1942இல் ஜப்பான்காரர்கள் வந்தபோது அவர் சனங்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போனார்கள். பாட்டி சண்டை முடிந்து திரும்பி வந்தவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அதன்மேல் இரண்டு விரல் உயரம் எண்ணெய். எண்ணெயில் மிதக்கும் திரியை ஏற்றியதும் தண்ணீர் வரைக்கும் மஞ்சளாகிவிடும். அதே நேரத்தில் எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிக்கொண்டிருப்பார். ஒரு நாள் பாட்டி தம்ளரைக் காட்டி, "நேர்" என்றார். விளக்கு. அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. பல விளக்கென்றால் 'நேரோத்'. பழைய எருசலேம் கோயிலில் ஏழு கிளையோடு நின்ற விளக்குத்தண்டான 'மெனோரா'வுக்கும் அதே வேர்தான். அவர்களுக்கு நாள் அந்தியில் தொடங்குவதால் சனிக்கிழமை ஓய்வுநாளான 'ஷபாத்' வெள்ளி மாலையே வந்துவிடுகிறது. ஓய்ந்து நிற்பது என்று பொருள். மற்றக் கிழமைகளுக்கெல்லாம் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்தான். ஷபாத்துக்கு மட்டும் பெயர்.

எபிரேயத்தில் மூன்று மெய்யெழுத்து ஒரு வேர். அதில் ஒரு குடும்பமே காய்க்கும். ஹ, த, ன என்ற வேரைப் பாருங்கள். (இந்த ஹ தொண்டையின் அடியிலிருந்து உரசிக்கொண்டு வர வேண்டும்.) 'ஹத்தான்' என்றால் கல்யாண மாப்பிள்ளை, மருமகனும் அவரே. நம் 'மாப்பிள்ளை'யும் அப்படித்தானே? 'ஹத்துனா' கல்யாணம். 'மெஹுத்தான்' சம்பந்தி! இதை ஆங்கிலத்தில் எழுதினால் உங்கள் நோட்டில் ஒரு வரி போய்விடும். தமிழில் ஒரே சொல். மணப்பெண்ணையும் மருமகளையும் 'கல்லா' என்பார்கள். ஆனால் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் 'தோத்' ஒன்றுதான். அங்கே நம்மிடம்தான் செல்வம் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'த்ஸெதாக்கா'. உங்கள் நோட்டில் அதற்கு நேரே நன்கொடை என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்கும். போதாது. அதன் வேருக்கு நீதி, நியாயம் என்று பொருள். கோயில் வாசலில் "தருமம் பண்ணுங்கம்மா" என்று கை நீட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் போடும் காசும் தருமம், நாம் நடக்க வேண்டிய நெறியும் தருமம். த்ஸெதாக்காவும் அப்படியே. உங்கள் தெருவில் முஸ்லிம் கடைக்காரர்கள் நிறைய. அவர்கள் 'சதக்கா' கொடுக்கிறேன் என்பது இதற்கு உடன்பிறப்பு; அரபும் எபிரேயமும் ஒரே இனத்து மொழிகள். சலாமுக்கு 'ஷலோம்', குர்பானுக்கு 'கொர்பான்', முபாரக்குக்கு 'பாரூக்'. இந்த நாலும் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்தவை.

பண்டிகைக்கும் அதே வழி. 'ரோஷ்' தலை, 'ஷனா' ஆண்டு. தலைப்பிள்ளை, தலைத்தீபாவளி என்கிற நமக்கு 'ரோஷ் ஹஷனா' புத்தாண்டு என்று புரிய எவ்வளவு நேரமாகும்? 'சுக்கா' பந்தல், தழை போட்ட கூரை, இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும். பந்தலில் ஏழு நாள் இருக்கும் பண்டிகை 'சுக்கோத்'.

சரி, 'அபா'. அது அரமேயம் என்ற பழைய மொழியிலிருந்து எபிரேயத்துக்கு வந்தது, நம் அப்பாவுக்கு உறவில்லை. உதட்டைச் சேர்த்துத் திறக்கும் குழந்தைக்கு எந்த ஊரிலும் முதலில் வருவது ப, ம தான். உறவென்று கால்டுவெல் காட்டிய சொல் வேறு. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களை வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 10:22 'துக்கி' என்ற சொல்லால் குறிக்கிறது. அது நம் 'தோகை' என்றார் அவர். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. வருகிறவர்களிடம் மயில் என்று சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: அல்லேலூயா, ஓசன்னா என்று பாடுகிறோமே, அவையும் எபிரேயமா ஐயா?
வாசகி, இன்செயின்

பதில்: ஆமாம் அம்மா. 'ஹல்லெலு' துதியுங்கள், 'யா' கடவுளின் பெயர். ஓசன்னாவை நாம் மகிழ்ச்சிக் குரலாகப் பாடினாலும் அடியில் அது ஒரு மன்றாட்டு: 'ஹோஷியா நா', காப்பாற்றும் ஐயா. சங்கீதம் 118இல் அப்படியே இருக்கிறது. அதே வேரிலிருந்து வந்தது 'யெஷுவா', மீட்பு. மேலே தம்பி சொன்ன 26ஆம் தெரு ஆலயத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது: முஸ்மேயா யெஷுவா, மீட்பைத் துளிர்க்கச் செய்கிறவர்.