ஓவர்கிளாக் செய்து தருகிறோம் என்று கடையில் சொன்னால்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனுக்காக வேலூரில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் விலை பேசியிருக்கிறோம். இன்டெல் கோர் ஐ5 13600கே பிராசசர், பி760 மதர்போர்டு. கூடுதலாக 4,000 ரூபாய் கொடுத்தால் பிராசசரை ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டித் தருவதாகவும், அதனால் எந்தப் பாதிப்பும் வராது என்றும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (காட்பாடி வாசகர்)

பதில்: கொடுக்க வேண்டாம். இன்டெல் பிராசசர்களில் பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' என்ற எழுத்து வருபவற்றில்தான் மல்டிபிளையரை, அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணை, உயர்த்த முடியும். அதற்கும் இசட்690, இசட்790 போன்ற இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். பி760 போர்டில் அந்த வசதியே இல்லை. அப்படியிருக்க, கடைக்காரர் செய்யப்போவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ரேமை அதற்குக் குறிக்கப்பட்ட முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குவது அல்லது பிராசசர் இழுக்கும் மின்சாரத்துக்கான வரம்பைத் தளர்த்துவது. இரண்டுமே பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது இயங்கும், போர்டில் உள்ள அடிப்படை மென்பொருளில்) சில நிமிட வேலைதான்.

பி760 போர்டையே வாங்குவதாக இருந்தால், 'கே' வகைக்கு அதிக விலை கொடுப்பதன் பயனில் பாதி போய்விடுகிறது. அதே 14 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட ஐ5 13500 பிராசசர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். உச்ச வேகம் சற்றுக் குறைவு என்றாலும் பெட்டியிலேயே பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் வரும். 'கே' வகைக்குக் கூலரைத் தனியாக வாங்க வேண்டும்.

பாதிப்பே வராது என்பதும் சரியல்ல. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இயக்கியதால் பழுதானால் அது வாரண்டியில் சேராது என்பதே இன்டெல், ஏஎம்டி இரண்டின் நிலையும். ஓவர்கிளாக் செய்வோருக்காக இன்டெல் தனிக் கட்டணத்தில் வழங்கிய பாதுகாப்புத் திட்டமும் 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மேலும், 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் பலவற்றில் அளவு மீறிய வோல்டேஜ் காரணமாக நிலையின்மை ஏற்பட்டதால், 2024-இல் இன்டெல் பயாஸ் வழியே ஏறும் திருத்தம் வெளியிட்டு, அவற்றின் வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. நீங்கள் கேட்கும் 13600கே-யும் அந்தப் பட்டியலில் உள்ளது. ஆகவே கடைக்காரரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய வேலை ஓவர்கிளாக் அல்ல, புதிய பயாஸை ஏற்றித் தருவதுதான். அதற்குக் கட்டணம் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: என்னிடம் ரைசன் 5 7600எக்ஸ் பிராசசரும் பி650 போர்டும் உள்ளன. நானே பாதுகாப்பாக ஓவர்கிளாக் செய்ய என்ன வழி? (சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: உங்கள் போர்டு அதற்கு இடம் கொடுக்கும், ஏ620 வாங்கியிருந்தால் கொடுத்திருக்காது. ஆனால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வெயிலை. காற்றால் இயங்கும் எந்தப் பிராசசர் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசசரைக் குளிர்விக்காது. மார்கழியில் 25 டிகிரி இருக்கும் அறை அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரியைத் தொட்டால், அந்த 13 டிகிரியும் ஏறத்தாழ அப்படியே பிராசசரின் மீது ஏறும். 7600எக்ஸ் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. அந்த எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜனவரியில் கண்ட வேகத்தை மே மாதப் பிற்பகலில் எதிர்பார்க்க முடியாது. எனவே இறுதிச் சோதனையைக் கோடையில், ஏசி இல்லாமல் செய்யுங்கள்.

வோல்டேஜை ஏற்றுவது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. மின்சாரச் செலவு வேகத்தின் அளவிலும் வோல்டேஜின் வர்க்கத்திலும் (வோல்டேஜ் x வோல்டேஜ்) உயரும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி, வேகத்தை 10 சதவீதம் கூட்டினால், வெப்பம் ஏறக்குறைய 39 சதவீதம் கூடும். இந்தப் பேரம் வேலூருக்குக் கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம்.

உங்களுக்கு ஏற்றது எதிர்த்திசை, அதாவது வோல்டேஜைக் குறைப்பது. பயாஸில் பிபிஓ (ஏஎம்டியின் வேக அமைப்பு) பகுதியில் உள்ள, வோல்டேஜை மாற்றும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் முதலில் மைனஸ் 10 வையுங்கள். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போதுமென்றால், வெப்பம் குறைந்து, பிராசசர் தானாகவே சற்று வேகமாக ஓடும். சினிபெஞ்ச், ஓசிசிடி ஆகிய சோதனை மென்பொருள்களால் சோதித்து, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தைக் கவனித்து, படிப்படியாக மைனஸ் 15, 20 என்று போகலாம். இம்முறையில் வரும் கோளாறு முழு வேலையின்போது தெரியாமல், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திடீரென ரீஸ்டார்ட் ஆவதாக வெளிப்படும் என்பதால், சில நாள் வழக்கமாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு முன்பே நகல் எடுத்துவிடுங்கள். திரையே வராமல் போனால் போர்டில் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் நினைவகத்தை) கிளியர் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

தொடங்கும் முன் பயாஸைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். 2023-இல் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகிய பிறகு, எஸ்ஓசி வோல்டேஜுக்கு (பிராசசரில் கோர்கள் அல்லாத பகுதிக்குச் செல்லும் வோல்டேஜுக்கு) 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. பழைய பயாஸில் அந்தக் காப்பு இருக்காது. புதுப்பிக்கும்போது மின்தடை வந்தால் போர்டே முடங்கக்கூடும் என்பதால் யுபிஎஸ் அவசியம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் கேம் ஓடும்போது அது போதாது.

கேள்வி: படிப்பு முடித்து ஊர் திரும்பும் மாணவரிடம் பழைய பிராசசர் வாங்குகிறேன். ஓவர்கிளாக் செய்யப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய கம்ப்யூட்டரிலேயே பயாஸை டிபால்ட் நிலைக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் ஓசிசிடி ஓடவிட்டு, பிழை வராவிட்டால் வாங்குங்கள். சாதாரண அமைப்பிலேயே பிழை காட்டினால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அசல் பில்லையும் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கிய பொருளானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். தனிநபர் தம் சொந்தப் பொருளை விற்றால் அந்த வழி பெரும்பாலும் எடுபடாது.