மண் வேலை ஃபோர்மேன் பதில்கள்: டிப்பர் கணக்கு, ரோலர், டீசல், கரண்ட் கம்பி

கேள்வி: அண்ணே, 20 டன் ஹிட்டாச்சி (மண் வெட்டுற மெஷின்) ஒண்ணு, மண் எடுக்கிற குழியிலிருந்து சைட் 4 கி.மீ. 4 யூனிட் டிப்பர் எத்தனை வேணும்? ஓனர் நாலு போதும்னு சொல்றார்.

பதில்: வாட்சை வைத்துக் கணக்குப் போடுங்கள் தம்பி. 4 யூனிட் என்றால் 400 கன அடி, சுமார் 11.3 கன மீட்டர். 0.9 கன மீட்டர் பக்கெட்டுக்கு 13 வெட்டு. வெட்டுக்கு 20 விநாடி, டிப்பர் ரிவர்ஸில் வந்து நிற்க ஒரு நிமிடம். லோடு ஏற ஐந்தரை நிமிடம். போக வர 8 கி.மீ., மண் ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் 24 நிமிடம். கொட்ட 3. ஒரு நடைக்கு முப்பத்திரண்டரை. அதை ஐந்தரையால் வகுத்தால் ஆறு டிப்பர். நாலு போட்டால் ஹிட்டாச்சி மணிக்கு 20 நிமிடம் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும். ஓனரிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள்.

20 விநாடி வர வேண்டுமானால் மெஷின் டிப்பர் தொட்டி உயரத்துக்கு மேட்டில் நிற்க வேண்டும். டிப்பர் ஆபரேட்டரின் இடது பக்கம் வரட்டும். வலது பக்கம் பூம் (மெஷினின் நீண்ட கை) மறைக்கும். 90 டிகிரிக்கு மேல் சுழன்றால் நேரம் போச்சு. பக்கெட் டிரைவர் கேபினுக்கு மேலே போகவே கூடாது.

கேள்வி: ரோலர் பத்து தடவை ஓடியும் மண் மெத்தை மாதிரி அமுங்கி எழும்புது. இன்னும் ஓட்டலாமா சார்?

பதில்: நிறுத்துங்கள். ஈரம் அதிகம், ஓட்ட ஓட்டக் கெடும். கிரேடரால் (மண்ணைச் சமன் செய்யும் மெஷின்) கிளறிக் காயவிட்டுத் திரும்ப உருட்டுங்கள். களிமண்ணாக இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு வேறு மண் போடுவதே மலிவு. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள்: உருண்டை பிடித்து, அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணி லாரியைக் கூப்பிடுங்கள். கை நனைந்தால் ரோலர் ஏற்றாதீர்கள். இது ஏற்றலாமா வேண்டாமா என்று பார்க்க மட்டும். பில்லுக்கு லேப் டெஸ்ட்தான்.

நெடுஞ்சாலை வேலையில் வைப்ரேட்டரி ரோலருக்கு (அதிர்ந்து இறுக்கும் ரோலர்) ஒரு லேயர் உருட்டிய பின் 250 மி.மீ. தாண்டக் கூடாது. லேப் டெஸ்டில் வந்த அதிகபட்ச அடர்த்தியில், ரோட்டு மண் கரையில் 95 சதவீதமும், சப்கிரேடில் (கரையின் மேல் அடுக்கு) 97 சதவீதமும் வர வேண்டும். தடிமனாகப் போட்டால் மேலே மட்டும் இறுகி அடி லூசாக இருக்கும், அடர்த்தி பார்க்கத் தோண்டும் டெஸ்ட் குழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: டீசல் இழுக்குதுன்னு ஆபரேட்டர் மேல சந்தேகம். எப்படிப் பிடிக்கிறது?

பதில்: அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். தினமும் காலையில் ஒரே சமதள இடத்தில் டேங்க் நிரப்பி, ஹவர் மீட்டரோடு எழுதுங்கள். 20 டன் மெஷினுக்கு மண் வெட்டில் மணிக்கு 12 முதல் 15 லிட்டர் சகஜம். பாறை, பிரேக்கர் (பாறை உடைக்கும் சுத்தியல்) என்றால் கூடும். சும்மா ஓடினாலும் மீட்டர் ஏறும் என்பதால் மணிக் கணக்கு நல்லதாகத் தெரியலாம். லோடுக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள், அதில் ஒளிக்க முடியாது. அதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்; அடைத்திருந்தால் புகை கறுக்கும், டீசலும் கூடும்.

கேள்வி: ஹ்யூம் பைப்பை (கான்கிரீட் குழாய்) ஹிட்டாச்சியாலேயே இறக்கலாமா?

பதில்: மெஷினில் லிஃப்டிங் கண்ணும் (பெல்ட் மாட்டும் வளையம்) லோடு சார்ட்டும் (எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை) இருந்தால் மட்டும். பக்கெட் பல்லில் பெல்ட் மாட்டுவது கூடவே கூடாது. பெல்ட் தரையோடு 60 டிகிரிக்குக் குறையாமல் நிற்கட்டும். 30 டிகிரிக்குப் படுத்தால் இரண்டு கால் பெல்ட்டில் ஒவ்வொரு காலும் பைப்பின் முழு எடையைத் தாங்கும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் ஷோரிங் (பக்கச் சுவருக்கு முட்டு) அல்லது சரிவு இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது. பைப் தொங்கும்போது கீழே யாரும் வேண்டாம்.

கேள்வி: பூம் கரண்ட் கம்பியில பட்டுட்டா?

பதில்: ஆபரேட்டர் இறங்கவே கூடாது. முடிந்தால் பூமை விலக்கட்டும், இல்லையேல் லைன் ஆஃப் ஆகும் வரை உட்காரட்டும். மற்றவர்களைத் தூரமாக நிறுத்துங்கள். தீப்பிடித்தால் மட்டும், மெஷினையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, கால் பிரிக்காமல் சின்னச் சின்னதாகத் தத்திப் போக வேண்டும்.