பட்ஜெட் விமானத்தில் போகலாமா? திருச்சி டிக்கெட் ஏஜென்ட் ஒருவரின் பதில்கள்

திருச்சியில் பத்தொன்பது வருஷமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏறுவது பட்ஜெட் விமானத்தில்தான். "எது அண்ணே சீப்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இந்த விமானம் தாமதமானால், இல்லை ரத்தானால், உங்களுக்கு என்ன நஷ்டம்?" அந்தப் பதில் தெரிந்த பிறகுதான் விலையைப் பார்ப்பேன். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கும்பகோணம், கல்லூரி மாணவர்): சார், எப்படி இவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள்? பராமரிப்பில் கை வைக்கிறார்களோ என்று அப்பா பயப்படுகிறார்.

பதில்: அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள் தம்பி. விமானிக்கான உரிமம், பராமரிப்புச் சோதனை, விமானி எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்ற கணக்கு எல்லாமே நம் நாட்டில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ வகுத்த ஒரே விதிதான். விலை குறைந்த விமானத்துக்கு என்று தனிச் சலுகை கிடையாது.

காசு மிச்சமாகும் இடம் வேறு. 1971-ல் அமெரிக்காவில் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் என்ற விமான நிறுவனம் காட்டிய வழி அது. போயிங் 737 என்ற ஒரே ரகத்தை வைத்துக்கொண்டால் விமானிக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே பயிற்சி போதும், ஒரே வகை உதிரி பாகம் போதும். இறங்கிய விமானத்தை அரை மணிக்குள் திரும்பக் கிளப்பிவிட்டால் ஒரே நாளில் அதிக தடவை பறக்கலாம். இருக்கைகளையும் நெருக்கிப் போடுவார்கள். பிசினஸ் வகுப்பு வைத்திருக்கும் நிறுவனம் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 160-ஐ ஒட்டி இருக்கை வைத்தால், இண்டிகோ அதே விமானத்தில் 180, 186 என்று வைக்கிறது. சாப்பாடு, லக்கேஜ், பிடித்த சீட் எல்லாம் தனி விலை. நம் நாட்டில் இதை 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் தொடங்கி வைத்தது. ஒரு ரூபாய் டிக்கெட் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. 2005-ல் ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ வந்தன.

நான் பயப்படுவது நிறுவனத்தின் பண நிலைமையை நினைத்துத்தான். கோ ஃபர்ஸ்ட் என்ற நம் நாட்டு பட்ஜெட் நிறுவனம் 2023 மே மாதம் திவால் மனு போட்டுவிட்டுப் பறப்பதை நிறுத்தியது. கோடை விடுமுறைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்களின் பணம் மாட்டிக்கொண்டது. அதனால் தள்ளாடுகிறது என்று செய்தி வரும் நிறுவனத்தில் ஏழெட்டு மாதம் முன்னால் டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட வழி இருக்கும்.

கேள்வி (திருச்சி உறையூர், இல்லத்தரசி): மகளின் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போகிறேன். ஸ்கூட் என்ற பட்ஜெட் விமானத்தில் டிக்கெட் ரொம்பக் குறைச்சலாகத் தெரிகிறது. லக்கேஜ் இல்லை என்று போட்டிருக்கிறது. கையில் எடுத்துப் போவதே போதுமா?

பதில்: போதாது அம்மா. பிரசவத்துக்குப் போகிற தாய் வெறுங்கையோடு போக மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்கூட்டில் கையில் 10 கிலோ, ஏர் ஏசியாவில் 7 கிலோ. தோள்பை, ஹேண்ட்பேக் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அதோடு எடையை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிரசவ லேகியம், நெய், நல்லெண்ணெய், எண்ணெய் மிதக்கிற ஊறுகாய் எதுவும் கைப்பையில் போக முடியாது. வெளிநாட்டு விமானத்தில் திரவமும் களிம்பு மாதிரி குழைவாக இருப்பதும் ஒரு பாத்திரத்துக்கு 100 மில்லிதான். லேகியம் மருந்துதானே என்று வாதாடிப் பயனில்லை. பாதுகாப்புச் சோதனையில் ஓர் அம்மா, வீட்டில் கிண்டிய ஒரு கிலோ லேகியத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கண் கலங்கிப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் வேலை அது. சுக்கு, மிளகு, பூண்டு, பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. லேகியத்தையும் நெய்யையும் நன்றாக மூடி, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள். இறைச்சி, கருவாடு எதையும் எடுத்துப் போக வேண்டாம், அங்கே கட்டுப்பாடு அதிகம்.

ஆக உங்களுக்கு 20 கிலோவாவது வாங்கியாக வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே வாங்குங்கள். பிறகு சேர்த்தால் விலை ஏறும். விமான நிலைய கவுண்டரில் கட்டினால் சில நேரம் டிக்கெட் விலையையே எட்டிவிடும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: பட்ஜெட் டிக்கெட் 7,000, லக்கேஜ் 2,500, சாப்பாடு 600, சீட் 500 என்று வைத்துக்கொண்டால் 10,600 ஆகிறது. லக்கேஜும் சாப்பாடும் சேர்த்து வேறொரு நிறுவனம் 11,000-க்குக் கொடுத்தால் வித்தியாசம் 400 ரூபாய்தான். இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் எந்த டிக்கெட்டும் எடுக்காதீர்கள். இன்னொன்று, வீட்டிலேயே பெட்டியை எடை போட்டுவிடுங்கள். கையில் தூக்கிப் பார்க்கிற சின்ன தராசு கடையில் கிடைக்கிறது.

கேள்வி (புதுக்கோட்டை, தந்தை): மகன் மெல்போர்னில் படிக்கப் போகிறான். திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–மெல்போர்ன் வேறு நிறுவனத்தில் ஒரு டிக்கெட் எடுத்தால் நல்ல மிச்சம் ஆகிறது. எடுக்கலாமா?

பதில்: அண்ணே, எடுக்காதீர்கள். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு நடுராத்திரியில் போனில் வழி சொல்லியிருக்கிறேன்.

இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது பயணத்தைப் பற்றித் தெரியவே தெரியாது. திருச்சியில் இரண்டு மணி நேரம் தாமதமாகி சிங்கப்பூரில் அடுத்த விமானம் போய்விட்டால், இருவருமே பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டாவது டிக்கெட் அப்படியே வீண். அன்றைய விலையில் புது டிக்கெட் எடுக்க வேண்டும்.

அடுத்தது பெட்டி. தனித்தனி டிக்கெட்டில் பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூர் வரைதான் போகும். அதை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய குடியேற்றப் பரிசோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூரில் நுழைய பொதுவாக விசா வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே திருச்சி கவுண்டரில் ஏற விடாமல் நிறுத்திவிடவும் கூடும். கோலாலம்பூர் வழியாகப் போனால் வேறு ஒரு சிக்கல்: ஏர் ஏசியா இறங்குவது இரண்டாவது டெர்மினலில், மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்புவது முதல் டெர்மினலில். இரண்டும் தனித்தனிக் கட்டடம், நடுவில் ரயில் பிடிக்க வேண்டும்.

பட்ஜெட் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஒரே நிறுவனத்தில், ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஸ்கூட்டே சிங்கப்பூரிலிருந்து மெல்போர்ன் போகிறது. பெட்டி நேராக மெல்போர்ன் போகுமா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் ஏதாவது ஆனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. பதினெட்டு வயசுப் பையன் முதல் தடவை தனியாகப் போகிறான். மிச்சமாகிற பணம் அந்தக் கஷ்டத்துக்கு ஈடாகாது.

கேள்வி (மதுரை, வங்கி ஊழியர்): சென்னை விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பட்ஜெட் விமானம், இவ்வளவுதான் என்றார் கவுண்டரில் இருந்தவர். உண்மையா?

பதில்: இல்லை சார். அப்படிச் சொன்னது தவறு. டிஜிசிஏ விதி எல்லா நிறுவனத்துக்கும் பொது. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். உள்நாட்டில் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் பணத்தைத் திருப்புவதோடு இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000, இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. வானிலை, பாதுகாப்புப் பிரச்சினை போன்று அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. பணத்துக்குப் பதில் கிரெடிட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், உங்களுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்றால் அரசாங்கத்தின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் போடலாம். போர்டிங் பாஸையும், தாமதம் பற்றி வந்த எஸ்எம்எஸ்ஸையும் அழிக்காமல் வையுங்கள்.

பலர் விட்டுவிடுகிற இன்னொரு பணமும் இருக்கிறது. சலுகை டிக்கெட், ரத்து செய்தால் எதுவும் வராது என்று போட்டிருந்தாலும், நீங்கள் பறக்காவிட்டால் விமான நிலையக் கட்டணமும் வரியும் திரும்பி வர வேண்டியவை. கேட்டு வாங்குங்கள்.

இதோடு 2025 டிசம்பரையும் நினைவில் வையுங்கள். விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியபோது இண்டிகோவுக்கு ஆள் போதாமல், ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் நாடு இது. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை ஏறி, கடைசியில் அரசாங்கமே உச்சவரம்பு வைத்தது. கல்யாணம், விசா நேர்முகம், பரீட்சை என்று தள்ளிப்போட முடியாத காரியம் என்றால் முந்தைய நாளே போய்விடுங்கள்.

கேள்வி (காரைக்குடி, மகள்): அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. டில்லிக்கு முதல் விமானப் பயணம். பட்ஜெட் விமானம் சரியா?

பதில்: சரிதான். நிறுவனத்தை விட நேரத்தைக் கவனியுங்கள். பட்ஜெட் விமானம் ஒரே நாளில் ஐந்தாறு தடவை பறக்கும். காலையில் எங்கோ ஒரு ஊரில் ஏற்படுகிற அரை மணி தாமதம் சாயங்காலத்துக்குள் இரண்டு மணியாக வளர்ந்துவிடும். அதனால் நான் வயசானவர்களுக்குக் காலை முதல் விமானம்தான் போடுவேன். டிசம்பர், ஜனவரி டில்லி மட்டும் விதிவிலக்கு. அப்போது விடியற்காலையில் மூடுபனி. மதியம் போய் இறங்குகிற மாதிரி போடுங்கள்.

சக்கர நாற்காலி இலவசம். டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். பட்ஜெட் விமானங்கள் பல நேரம் தூரத்தில் நிற்கும். பஸ்ஸில் போய்ப் படி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் பெரிய சிரமம். சீட்டுக்குக் காசு கொடுக்காவிட்டால் இருவரையும் பிரித்து உட்காரவைக்க வாய்ப்பு உண்டு. இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம், அம்மா பயப்படுவார். சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்துவிடுங்கள். இட்லியும் பொடியும் எடுத்துப் போகத் தடையில்லை.

கேள்வி (துபாய், எலக்ட்ரீசியன்): இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறேன். திருச்சிக்கு நேராக வருகிற ஏர் இந்தியா எக்ஸ்பிரஸா, கொழும்பு வழியாக வருகிற ஸ்ரீலங்கனா?

பதில்: தம்பி, லீவு எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். பதினைந்து நாள்தான் என்றால் நேர் விமானம். இரண்டு மாதம் என்றால் கொழும்பு வழியையும் பாருங்கள். சாப்பாடும் லக்கேஜும் விலைக்குள் அடங்கும், ஒரே டிக்கெட் என்பதால் கனெக்ஷன் தவறினாலும் அவர்கள் பொறுப்பு. வளைகுடாவிலிருந்து வரும் பட்ஜெட் விமானங்களில் பெரும்பாலும் லக்கேஜ் சேர்ந்தே இருக்கும், ஆனால் எத்தனை கிலோ என்பது அடிக்கடி மாறுகிறது. போன தடவை கிடைத்ததே இப்போதும் கிடைக்கும் என்று நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். ஜூன் கடைசியில் அங்கே பள்ளி லீவு விடும்போது விலை ஏறும், பெருநாளுக்கும் ஏறும். முதலாளியிடம் தேதி கேட்க முடிந்தால் அதற்கு முன்போ பின்போ கேளுங்கள்.

கேள்வி (மதுரையைச் சேர்ந்த இன்னொருவர்): சென்னைக்கு ரயிலா, விமானமா?

பதில்: தேஜஸ் ஆறே கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. விமானம் ஒன்றேகால் மணிதான், ஆனால் அவனியாபுரம் பக்கம் முன்கூட்டிப் போய், காத்திருந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி, எழும்பூர் வந்து சேர நாலு மணி ஆகும். வேலை கிண்டி, தாம்பரம் பக்கம் என்றால் விமானம். மற்றபடி நான் ரயிலில்தான் போவேன்.

கேள்வி (யாழ்ப்பாணம், ஆசிரியை): சென்னையில் சிகிச்சைக்கு வர இண்டிகோவில் டிக்கெட் பார்க்கிறேன். சின்ன விமானமாமே, பயமில்லையா?

பதில்: பயமே வேண்டாம் அக்கா. உங்கள் பலாலி விமான நிலையத்துக்கு வருவது ஏடிஆர் 72, எழுபத்தெட்டு பேர் வரை உட்காரும், இறக்கையில் விசிறி சுழலும் விமானம். தாழ்வாகப் பறப்பதால் கொஞ்சம் ஆட்டம் தெரியும், சத்தமும் கூட. இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளை விடப் பின்வரிசைகளில் சத்தம் குறைவு. தலைக்கு மேல் உள்ள பெட்டகம் சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டி உள்ளே போகாமல் வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அதனால் மருத்துவ ரிப்போர்ட், ஸ்கேன் படம், மாத்திரை எல்லாவற்றையும் தோள்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டை வந்து சேரும் நாளிலேயே வாங்காமல் மறுநாள் காலைக்கு வாங்குங்கள்.