பேண்டை விட்டு விலகினால் என் பாட்டும் போய்விடுமா?

கேள்வி: நாலு பேர் சேர்ந்து ஒன்பது வருஷமாக ராக் பேண்ட் நடத்துகிறோம். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. வருகிற பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். பாடுவது நான், பெரும்பாலான மெட்டுகளும் என்னுடையவை. தனியாகப் பாடப்போகிறேன் என்றதும், "பேண்ட் பெயரைச் சொல்லக்கூடாது, நம்ம பாட்டை மேடையில் தொடக்கூடாது, இரண்டு வருஷத்துக்குத் தனியாகப் பாடவே கூடாது" என்கிறார்கள். செல்லுமா?

பதில்: கடைசி மிரட்டலைக் காதிலேயே வாங்காதீர்கள். லாபத்தைப் பங்குபோட்டுத் தொழில் நடத்தியதால், எழுத்தில் இல்லாவிட்டாலும் நீங்கள் நால்வரும் பாகஸ்தர்கள் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. விலகிய பாகஸ்தர் போட்டியாகவே தொழில் நடத்தலாம் என்கிறது 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 36-வது பிரிவு. அதிலேயே ஒரு பொறியும் உண்டு: 'இத்தனை காலம் செய்யமாட்டேன்' என்று நீங்களே எழுதிக்கொடுத்தால், நியாயமான அளவில் அது செல்லும். கணக்கு முடிக்கிற அன்று கட்டிப்பிடித்து அழுதுவிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயரில் அவர்கள் சொல்வது பாதி சரி. அந்தப் பெயரில் நீங்கள் கச்சேரி நடத்த முடியாது. ஆனால் போஸ்டரில் உங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் அந்த பேண்டின் 'முன்னாள் பாடகர்' என்று போடுவது உண்மையைச் சொல்வதுதான். எதற்கும் வணிகச்சின்னப் பதிவேட்டில், பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள். நால்வரில் ஒருவர் சத்தமில்லாமல் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டுதான் சிக்கல். வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனிச் சொத்து. மெட்டின் முதல் உரிமையாளர் அதைப் போட்டவர். யார் பங்கு எது என்று பிரிக்கவே முடியாதபடி சேர்ந்து செய்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. நீங்கள் மட்டும் தனியாக உரிமம் கொடுக்க முடியாது. அதனால் போனைத் துழாவுங்கள். ஒத்திகைக்கு முதல் நாள் ராத்திரி வெறும் கிட்டாரோடு முனகி குரூப்பில் போட்ட வாய்ஸ் நோட் இருக்கும், தேதி நேரத்தோடு. கீழே டிரம்மர் "செம மெட்டுடா" என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. கோபத்தில் குரூப்பிலிருந்து வெளியேறி அதை அழித்துவிடாதீர்கள். இதுபோன்ற மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

மேடையில் பாட வழி இருக்கிறது. நால்வரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினர்களாகிப் பாட்டுகளைப் பதிந்திருந்தால், நிகழ்ச்சி நடத்துபவர் உரிமம் வாங்க வேண்டியது அந்தச் சங்கத்திடம். பழைய நண்பர்களிடம் அல்ல. பழைய ஒலிப்பதிவை வெட்டி ஒட்டி உங்கள் பெயரில் ஏற்றுவது மட்டும் வேண்டாம். ஸ்டூடியோச் செலவை நால்வரும் பகிர்ந்திருந்தால் அது நால்வருக்கும் சொந்தம்.

புதுப் பாட்டு பழைய பேண்ட் மாதிரியே ஒலிக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி, அதை விட்டு விலகிய பிறகு தன் பழைய பாட்டையே காப்பியடித்ததாக வழக்கைச் சந்தித்தார். சாட்சிக் கூண்டில் கிட்டார் வாசித்துக் காட்டினார். 1988-இல் ஜூரி அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

மற்ற மூவருக்கும் தனித்தனியாக எழுத்தில் விலகல் நோட்டீஸ் கொடுங்கள். பொது அறிவிப்பும் கொடுங்கள். அதுவரை அவர்கள் எடுக்கும் சவுண்ட் சிஸ்டம் வாடகைப் பாக்கிக்கூட உங்கள் தலையில் விழலாம்.