கெமிஸ்ட்ரி கேள்வி பதில்: போன்ல டைட்ரேஷன் பழக முடியுமா?

கேள்வி: நான் ப்ளஸ் டூ. எங்க ஸ்கூல் லேப்ல உருப்படியா இருக்குற ப்யூரெட் ரெண்டே ரெண்டுதான், பேட்ச்ல இருபது பேரு, என் டர்ன் வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடுது. ஆன்லைன்ல பாத்தே டைட்ரேஷன் கத்துக்கலாமா?
– ஒரு மாணவர், தர்மபுரி மாவட்டம்

பதில்: பாதி கத்துக்கலாம் தம்பி. டைட்ரேஷன்னா, ப்யூரெட்ங்கிற அளவுக்கோடு போட்ட குழாய்ல இருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டா இன்னொரு கரைசல்ல விட்டு, எவ்வளவு செலவாச்சுன்னு பாத்து செறிவைக் கண்டுபிடிக்கிறது. மீதி பாதிக்கு அந்த ரெண்டு ப்யூரெட்ல ஒண்ணைக் கையில பிடிச்சுத்தான் ஆகணும். ஓலேப்ஸ்னு ஒரு சைட் இருக்கு, அம்ருதா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக்கும் (மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம்) சேர்ந்து பண்ணது, 9ஆவதுல இருந்து 12 வரைக்கும் இருக்கு. சிபிஎஸ்இ பாடத்துக்குன்னு பண்ணதுதான், ஆனா ப்யூரெட்ல ஊத்துற பெர்மாங்கனேட் கரைசல் எந்த போர்டுக்கும் ஒரே கலர்தானே! முதல்ல வீடியோ பாருங்க, அப்புறம் சிமுலேட்டர், கடைசியா வைவா கேள்விங்க. எதை எதால கழுவணும், ஆசிட் எப்ப ஊத்தணும், ஆக்சாலிக் ஆசிட்டை மட்டும் ஏன் 60–70 டிகிரிக்கு சூடு பண்றோம் (ரூம் டெம்பரேச்சர்ல ரியாக்‌ஷன் ரொம்ப மெதுவாப் போகும், அதான்), இந்த வரிசையெல்லாம் மனசுல நிக்கிற வரைக்கும் பத்து தடவை பண்ணாலும் யாரும் திட்டப் போறதில்ல.

ஆனா மவுஸ் கிளிக்குக்கு சொட்டோட கனம் தெரியாது பாருங்க. இடது கையால குழாயைத் திருகிக்கிட்டே வலது கையால ஃப்ளாஸ்கைச் சுத்தணும், நிறமே இல்லாம போயிட்டே இருக்கும், திடீர்னு ஒரு சொட்டுல லேசா ரோஸ் வந்து மறையாம நிக்கும், அதான் என்ட் பாயின்ட். இன்னும் ரெண்டு சொட்டு கூடப் போச்சுன்னா கலர் அடர்த்தியாயிடும், மறுபடியும் முதல்ல இருந்து. பெர்மாங்கனேட் அடர் கலர்ங்கிறதால திரவ மட்டத்தோட மேல் வளைவைப் பாத்து ரீடிங் எடுக்கணும், நிறமில்லாத கரைசலுக்கெல்லாம் கீழ் வளைவு. நான் படிக்கிற காலத்துல ப்யூரெட் நுனியில காத்துக் குமிழ் இருந்ததைக் கவனிக்காம ஆரம்பிச்சு, முதல் ரீடிங் மட்டும் அரை மில்லி கூட வந்துச்சு, பயந்துபோய் பக்கத்துல இருந்தவன் நோட்டைப் பாத்து எழுதினா அவனுதும் தப்பு.

அதனால லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க: லன்ச் நேரத்துல ப்யூரெட்ல வெறும் தண்ணி ஊத்தி ஒத்தச் சொட்டா விட்டுப் பழக அஞ்சு நிமிஷம். கெமிக்கல் செலவு இல்ல, பெரும்பாலும் சரின்னுடுவாரு.

கேள்வி: ஸ்கூல்ல கம்ப்யூட்டர் குடுத்திருக்காங்க, ஸ்க்ரீனும் இருக்கு, நெட்தான் நினைச்சா வரும் நினைச்சா போகும். பத்தாம் வகுப்புக்கு என்ன காட்டலாம்?
– ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

பதில்: ஃபெட்னு ஒரு சைட்ல இருக்குற சிமுலேஷன் காட்டுங்க டீச்சர். அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல 2002ல கார்ல் வீமன் ஆரம்பிச்சது, அவரு அதுக்கு முந்தின வருஷம்தான் இயற்பியலுக்கு நோபல் வாங்கினவரு. இலவசம், சிலது தமிழ்லயும் இருக்கு. முக்கியமான சங்கதி, நெட் வர்ற இடத்துல ஃபைலை டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்தா, நெட்டே இல்லாம ப்ரவுசர்ல ஓடும்.

பிஹெச் ஸ்கேல்ல இருந்து ஆரம்பிங்க, அமிலமா காரமான்னு சொல்ற அளவு அது, 7 நடுநிலை, அதுக்குக் கீழ அமிலம், மேல காரம். அதுல பால், காபி, ஆரஞ்சு ஜூஸ், பேட்டரி ஆசிட்டெல்லாம் வரிசையா இருக்கும், வாந்தி கூட இருக்கு, பிஹெச் 2! அதைத் தொட்டதும் கிளாஸே சிரிச்சு உருளும், அந்த அமளிய நீங்க கெட்டியாப் பிடிச்சுக்குங்க. காபி 5ல நிக்கும். பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி, இதுல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா பிஹெச் என்ன ஆகும்னு ஒவ்வொருத்தரையும் நோட்டுல எழுதச் சொல்லுங்க. 7ஐத் தாண்டி எட்டு ஒன்பதுன்னு போயிடும்னு எழுதுறவங்க நிச்சயம் இருப்பாங்க. அப்புறம் ஊத்திக் காட்டுங்க, சமமா தண்ணி சேத்தா 5.3 பக்கம் வரும், மேல மேல ஊத்த 7ஐ நெருங்கும், ஆனா தாண்டவே தாண்டாது. எழுத வைக்காம சும்மா ஓட்டிக் காட்டினீங்கன்னா கார்ட்டூன் பாத்த மாதிரி பாத்துட்டுப் போயிடுவாங்க.

கேள்வி: பையன் நாள் பூரா யூடியூப்ல கெமிஸ்ட்ரி வீடியோதான் பாக்குறேங்கிறான், மார்க் மட்டும் வரல. போனைப் பிடுங்கிடவா?
– ஓர் அம்மா, கும்பகோணம்

பதில்: பிடுங்க வேணாம்மா. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக்காரங்க 2008ல இருந்து போடுற பீரியாடிக் வீடியோஸ் மாதிரி சேனல்லாம் அருமையானது, 118 தனிமத்துக்கும் வீடியோ இருக்கு, ஆனா சோடியம் வெடிக்கிறதைப் பாத்தா சோடியத்து மேல ஆசை வருமே தவிர சமன்பாடு போட வராது. ஒவ்வொரு வீடியோ முடிஞ்சதும் அதுல நடந்த ரியாக்‌ஷனை பேலன்ஸ் பண்ணி ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் அணு எண்ணிக்கை சரியா இருக்கான்னு எண்ண உங்களுக்கு கெமிஸ்ட்ரி தெரிய வேணாம், கூட்டல் போதும்.

கேள்வி: தண்ணி மூலக்கூறோட கோணம் ஒரு ஆப்ல 109.5ன்னு வருது, புக்ல 104.5. எது சரி?
– ஒரு மாணவி, தூத்துக்குடி

பதில்: புக்குதாம்மா சரி. ஆப்ல அனேகமா மாடல்னு இருக்குற பக்கத்தைப் பாத்திருப்பீங்க, அது நாலு ஜோடி எலக்ட்ரானையும் சமமா வச்சுப் படம் போடும். நிஜத்துல ஆக்சிஜன் மேல இருக்குற ரெண்டு தனி ஜோடியும் (பிணைப்புல சேராத எலக்ட்ரான் ஜோடி) கொஞ்சம் அதிகமாவே இடத்தை அடைச்சுக்கும், அதனால ஹைட்ரஜன் ரெண்டும் நெருங்கி வந்திடும். ஃபெட்ல மூலக்கூறு வடிவங்கள்ல மாடல், ரியல் ரெண்டு பட்டனும் இருக்கு, மாத்தி மாத்தி அமுக்கிப் பாருங்க, கோணம் சுருங்குறது கண்ணுக்கே தெரியும்.