கடைத் திண்ணையில் படுத்திருக்கும் ஆச்சிக்கு என்ன வழி?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் சின்னதாக டீக்கடை வைத்திருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் ஆச்சி மூன்று வாரமாக என் கடைத் திண்ணையில்தான் படுக்கிறார். பக்கத்துக் கிராமம்தான். இரண்டு மகன்கள், தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்த ஒரு மகள். வீட்டைச் சின்ன மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். மாதம் ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். மூத்தவர் முறை முடிந்து சின்னவர் வீட்டுக்குப் போனால் பூட்டிக் கிடந்ததாம். திரும்பிப் போனதற்கு, "எம் மாசம் முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டாராம் மூத்தவர். போலீசில் சொல்வோமா என்றால், "பெத்த புள்ளைய நானே ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தவா?" என்று அழுகிறார். வெளியாளான நான் இதில் தலையிடலாமா? என்ன செய்ய வேண்டும்?

பதில்: தலையிடலாம். மூன்று வாரமாக அந்தத் திண்ணையை அவருக்கு விட்டு வைத்திருக்கிறீர்களே, ஏற்கெனவே தலையிட்டுத்தான் இருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி.

நீங்கள் எழுதியதில் என் கண் போய் நின்றது அந்த "முறை" என்ற சொல்லில்தான். நம் பக்கம் முதியவர்கள் தெருவுக்கு வருவது பெரும்பாலும் ஒரே நாளில் யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால் இல்லை. இரண்டு முறைகளுக்கு நடுவில் விழுகிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி வருகிற மாதத்தில் அந்த ஒரு நாள் யாருக்கு என்பதில்கூடச் சண்டை வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மகன்கள் இருவரும் தாங்கள் அம்மாவைத் துரத்தவில்லை என்றுதான் மனதார நம்புவார்கள். ஒருவர் தன் மாதத்தை முடித்துவிட்டார், இன்னொருவர் தன் மாதத்தை இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இதை நீங்கள் புரிந்துகொண்டு பேசினால் பாதிக் கதவு திறக்கும். "அம்மாவை நடுத்தெருவில் விட்டுட்டீங்களே" என்று ஆரம்பித்தால் இருக்கிற கதவும் சாத்திக்கொள்ளும். அதனால்தான் சொல்கிறேன், அவரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம். ஊர் பார்க்க அவமானப்பட்ட மகன் அம்மாவைத் திரும்பக் கூப்பிட இன்னும் தயங்குவார். ஆச்சியும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்.

முதலில் உடம்பு. பகலில் தெளிவாகப் பேசிவிட்டு இரவில் உளறுகிறாரா, இடம் தெரியாமல் எழுந்து நடக்கிறாரா என்று கவனியுங்கள். திடீரென வரும் குழப்பத்தை "வயசாயிட்டு" என்று தள்ளிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்புச் சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குவது இவற்றில் எதுவும் முதியவர்களை இப்படி ஆக்கிவிடும். மருந்து கொடுத்தால் பல சமயம் சில நாட்களில் பழைய ஆளாகிவிடுவார்கள். அம்பை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அங்கே முடியாது என்றால் நெல்லை ஹைகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால் மூன்று வாரமாக மாத்திரை நின்றுபோயிருக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் நிலைமை மோசமானால் 108.

அப்புறம், தலைக்கு மேல் ஒரு கூரை. 14567 என்பது முதியோருக்கான இலவச உதவி எண். அழைத்தால் விவரம் கேட்டு, உள்ளூரில் யாரை அணுகலாம் என்று வழிகாட்டுவார்கள். மாநகராட்சிப் பகுதிகளில் வீடற்றோருக்கான இரவு விடுதிகள் உண்டு. ஆனால் அம்பையில் இருப்பவரை நெல்லை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன் ஆச்சியிடம் கேளுங்கள். தெரிந்த முகங்கள் உள்ள ஊரைவிட்டு அவரைப் பெயர்ப்பது சின்ன விஷயம் இல்லை. ஊரிலேயே சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம் தங்க இடம் கிடைத்தால் அதுவே மேல்.

அவருடைய கையில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம். முதியோர் உதவித்தொகை வாங்குகிறாரா? 2023-ல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. வாங்குகிறார் என்றால் அந்த ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. மகன் கையில் இருந்தால், ஆச்சியை வங்கிக்குக் கூட்டிப்போய்ப் பழைய கார்டை நிறுத்திவிட்டுப் புதிது வாங்கிக் கொடுக்கலாம். வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் "ஆம்பளப் பிள்ளைங்க இருக்காங்களே" என்று கேட்பார். எங்கே படுக்கிறார், யார் சோறு போடுகிறார்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: ஆச்சி பீடி சுற்றியவரா? முக்கூடல், ஆலங்குளம், அம்பை வட்டாரத்தில் அந்த வயதுப் பெண்களில் எத்தனையோ பேர் கம்பெனிக்குப் பீடி சுற்றியவர்கள். பி.எஃப். பிடித்தம் இருந்து பத்து வருடச் சேவையும் இருந்தால் 58 வயதிலிருந்தே பென்ஷனுக்கு உரிமை உண்டு, குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். பழைய பாஸ் புத்தகம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும், அது என்ன என்றே தெரியாமல் இருப்பார்கள்.

சரி, மகன்கள். வழக்குக்கு முன் ஒரு தடவை நேரில் பேசுங்கள். நீங்கள் மட்டும் போகாமல், அந்தக் குடும்பம் மதிக்கிற ஒரு பெரியவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். தாய்மாமன் வீட்டு வழியில் யாராவது இருந்தால் ரொம்ப நல்லது. மருமகள்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள், வேலை அவர்கள் தலையில்தான் விழுகிறது. சோற்றுக்கு யோசிக்கிற குடும்பங்கள் குறைவு. உண்மையான சிக்கல் இரவில் இருக்கும். ஆச்சி ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறார், கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, போவதற்குள் சேலை நனைந்துவிடுகிறது, விடிந்தால் மருமகள் பீடி சுற்றவோ வேலைக்கோ போக வேண்டும். இதை வெட்கப்பட்டு யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அவங்களுக்கு வாய் ஜாஸ்தி" என்று வேறு காரணம் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் ஆறு மாதச் சண்டை ஒரு பிளாஸ்டிக் கமோடு நாற்காலியிலும், கட்டிலைக் கதவோரம் நகர்த்திப் போட்டதிலும் அடங்கிவிட்டது. எல்லா வீட்டிலும் அப்படி முடியாதுதான். ஆனால் கேட்காமல் தெரியாது.

முறை வைப்பதையே விட்டுவிடச் சொல்லுங்கள் என்பது என் கருத்து. மாதா மாதம் மூட்டை கட்டுகிற எந்த வீடும் ஆச்சிக்குத் தன் வீடாகாது. ஒரு வீட்டில் அவர் நிலையாக இருக்கட்டும். மற்றவர்கள் பணமாகக் கொடுக்கட்டும், மருந்துச் செலவை ஏற்கட்டும், அந்த மருமகளுக்கு ஓய்வு வேண்டும்போது நான்கு நாள் வந்து பார்த்துக்கொள்ளட்டும். தூத்துக்குடி மகளையும் விடாமல் கூப்பிடுங்கள். "நகை போட்டு அனுப்பியாச்சு, அவளுக்கு என்ன பொறுப்பு" என்று அண்ணன் தம்பிகள் சொல்லலாம், அல்லது மகளே அப்படி நினைக்கலாம். சட்டத்தின் கண்ணில் மகனும் மகளும் ஒன்றுதான். திருமணமான மகளுக்கும் பொறுப்பு உண்டு என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பேச்சில் முடியவில்லை என்றால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது. ஆச்சியின் அழுகைக்குப் பதில் இதில்தான் உள்ளது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சட்டப்படி போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு அல்ல, கோர்ட்டுக்கும் அல்ல. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு. உங்கள் பகுதிக்குச் சேரன்மகாதேவி சப் கலெக்டர் அலுவலகம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மனு எழுதிக் கொடுத்தால் போதும். ஆச்சி எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால் அவருக்காக நீங்களே மனு போடலாம். யாருமே மனு தராவிட்டாலும் தீர்ப்பாயம் தானாக எடுத்து விசாரிக்கவும் முடியும். விசாரணைக்கு முன்பே விஷயத்தைச் சமரச அலுவலரிடம் அனுப்பலாம், அவர் ஒரு மாதத்துக்குள் பேசி முடிக்கப் பார்ப்பார். பிள்ளைகள் ஒப்புக்கொண்டால் அதுவே உத்தரவாகிவிடும். ஒப்பவில்லை என்றால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். உத்தரவுக்குப் பிறகும் பணம் தராமல் இழுத்தடித்தால்தான் சிறை என்ற பேச்சே வருகிறது. முதியவரைக் கைவிடுவதே குற்றம், மூன்று மாதம் வரை சிறை என்று அதே சட்டத்தில் தனிப்பிரிவு இருக்கிறது. ஆச்சி விரும்பாதவரை அதை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம்.

இதை ஆச்சியிடம் சொல்லும்போது "கேஸ்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "ஆபீசர் முன்னாடி உங்க பிள்ளைகளை உட்கார வச்சுப் பேசப்போறோம், யாரையும் பிடிச்சு உள்ள போடச் சொல்லல" என்று சொல்லுங்கள். அது சமாதானத்துக்காகச் சொல்லும் பொய் இல்லை, உண்மையே அதுதான். உடனே தலையாட்டிவிட மாட்டார். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். விடுங்கள். "மாட்டேன்" என்று உறுதியாகச் சொன்னால், அவரை மீறி அவர் பெயரில் மனு போடாதீர்கள். உதவித்தொகை, வைத்தியம், தங்க இடம் இவற்றை மட்டும் பாருங்கள். மனம் மாறினால் மனு அப்போதும் போடலாம்.

வீடு விஷயம். எழுதிக் கொடுத்தது செட்டில்மென்ட் பத்திரமா (குடும்பத்துக்குள் விலை வாங்காமல் எழுதிக் கொடுப்பது), விற்பனையா, வெறும் உயிலா என்று முதலில் தெரிய வேண்டும். வில்லங்கச் சான்று போட்டால் பதிவான பத்திரத்தின் எண் கிடைக்கும், அதைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். உயில் என்றால் கவலையே இல்லை, உயிரோடு இருக்கும்வரை வீடு ஆச்சியுடையது, மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் என்றால் வரி வரியாகப் படியுங்கள். "என் ஆயுள்வரை நான் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருந்தால் அந்த வீட்டில் குடியிருக்க அவருக்கு உரிமை இருக்கிறது, சின்னவர் பூட்டியதே தவறு. "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டியது" என்று இருந்து, பராமரிக்கவில்லை என்றால், 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். பத்திரம் அந்தச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதியதாக இருக்க வேண்டும். அப்படி வரியே இல்லை என்றால்? 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு உதவும் வகையில் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பாசமுமே இப்படிப்பட்ட பத்திரங்களில் சொல்லாமல் நிற்கும் நிபந்தனை என்று கூறியது. ஆக, வரி இல்லை என்று கைவிட்டுவிட வேண்டாம், ஆனால் இந்த இடத்தில் ஒரு வக்கீலிடம் கேட்பது நல்லது. 15100-ல் அழைத்தால் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே தருவார்கள்.

மூன்று பிள்ளைகள் வீட்டுக்கும் போக ஆச்சிக்கே மனமில்லை என்றால் முதியோர் இல்லம் பார்க்கலாம். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு பகல் ஆச்சியை அங்கே கூட்டிப்போய் உட்கார வையுங்கள். சமையல்கட்டைப் பாருங்கள், கழிப்பறையைப் பாருங்கள், அங்கிருக்கும் ஒருவரிடம் தனியாகப் பேச விடுங்கள். விருப்பம் இல்லாதவரைக் கொண்டுபோய் விட்டால், கொஞ்ச நாளில் உங்கள் திண்ணைக்கே திரும்பி நடந்து வருவார்.

மனு எழுதுகிற அன்று ஆச்சி சொல்வதை அவர் வாய்வார்த்தையிலேயே எழுதுங்கள், "எம் மாசம் முடிஞ்சிட்டு" உட்பட. எழுதியதை அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி அவருடைய பையிலேயே வையுங்கள். சேரன்மகாதேவி அலுவலகத்தில் அலைய விட்டால், திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுக்கலாம். போகும்போது கூடவே ஒரு பெண்ணையும் அழைத்துப் போங்கள். அங்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டிவரும், கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும்.